ஆணையும் விடுதலையும்

நுழையும்முன்

அரசாணை ஒன்று அடிமைத் தளையை அறுக்கக்கூடும். ஆயினும், அது எதற்காகப் பிறந்தது, யாரை விடுவித்தது, யாரை விட்டுவிட்டது என்னும் மூன்று வினாக்களைக் கேட்ட பின்னரே அதன் மதிப்பை அறிய இயலும். அமெரிக்காவில் போர்க்காலத்தில் பிறந்த ஓர் ஆணையையும், பீர்மேடு அடங்கியிருந்த திருவிதாங்கூர் நாட்டில் பிறந்த ஆணைகளையும் இப்பாடம் அவ்வினாக்களோடு அணுகுகிறது.

போர்க்காலத்தில் பிறந்த ஆணை

1861-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்கள் பதினொன்று கூட்டாட்சியிலிருந்து பிரிந்தன. அந்நாட்டில் அப்போது ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அடிமை முறையை வெறுத்தவர். ஆயினும், பிளவுபட்ட நாட்டை மீண்டும் ஒன்றாக்குவதே போரின் முதல் நோக்கம் என்று அவர் வெளிப்படையாகக் கூறிவந்தார்.

போர் நீண்டது. தென்னகப் படைக்கு உணவு விளைவித்தவர்களும் அரண் எழுப்பியவர்களும் அடிமைகளே. அவர்களுள் பல்லாயிரவர் ஆணை எதற்கும் காத்திராமல் வடபுலப் படை முகாம்களுக்குத் தப்பி வந்தனர். அவர்களை விடுவித்தால் பகைவரின் உழைப்பு வலிமை குன்றும். தம் படைக்கு வீரர் கிடைப்பர். அடிமை முறையை ஒழித்துவிட்ட பிரிட்டன் தென்னகத்தை ஆதரிக்கத் தயங்கும். இவற்றை எண்ணிய லிங்கன் 1862 செப்டம்பர் 22 அன்று எச்சரிக்கை விடுத்து, 1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார்.

அப்பிரகடனம் கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்கு மட்டுமே உரியது. கூட்டாட்சியிலேயே நீடித்த கென்டகி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய நான்கு அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. படைத்தலைவர் என்னும் முறையில் தமக்கிருந்த போர்க்கால அதிகாரத்தைக் கொண்டே லிங்கன் அதை வெளியிட்டார். அவ்வதிகாரம் பகைவரின் நிலத்துக்கே செல்லும். ஆகவே, படை முன்னேறிய இடத்தில்தான் ஆணை உயிர் பெற்றது. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் விடுதலை அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19 அன்றுதான். 1865 டிசம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தமே நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தது. குறையுடைய ஆணையாயினும் அதன் பயன் சிறிதன்று. ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடபுலப் படையில் சேர்ந்து தம் மக்களின் விடுதலைக்காகப் போரிட்டனர்.

திருவிதாங்கூரின் ஆணைகள்

லிங்கனின் ஆணைக்கு எட்டாண்டுகளுக்கு முன்பே திருவிதாங்கூரில் அடிமை முறைக்கு எதிரான ஆணை பிறந்துவிட்டது. 1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். மக்களுள் எட்டில் ஒருவர் எனலாம். புலையர், பறையர் முதலிய உழைக்கும் சமூகத்தினர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர். ஒற்றிக்கும் பாட்டத்துக்கும் விடப்பட்டனர்.

1812-ஆம் ஆண்டு அரசி கௌரி லட்சுமிபாய் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்தார். ஆனால், நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த உழவடிமைகளுக்கு அத்தடை பொருந்தவில்லை. மிகுதியாக இருந்தவர்கள் அவர்களே. வேளாண்மை குலையும், நிலவுடைமையாளர் சினங்கொள்வர் என்னும் அச்சம் ஆணையின் எல்லையைச் சுருக்கிற்று.

பிரித்தானிய இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என உரிமை கோரும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. 1847-இல் கிறித்தவச் சமயப் பணியாளர்கள் திருவிதாங்கூர் அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். பிரித்தானிய அரசின் வற்புறுத்தலும் பெருகியது. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1853-இல், அரசுக்குரிய அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் உரிமையுடையோர் என அறிவித்தார். 1855 ஜூன் 24 அன்று அரசின் அடிமைகள் அனைவரையும் விடுவித்தார். தனியாரின் அடிமையுரிமையையும் நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றார். அமெரிக்காவில் போரின் தேவை செய்த வேலையை இங்கு மேலாதிக்க அரசின் அழுத்தம் செய்தது. அறவுணர்வும் அரசியல் தேவையும் இரண்டு இடங்களிலும் கலந்தே இருந்தன.

ஆணைக்குப் பின்

திருவிதாங்கூர் ஆணை நிலம் தரவில்லை, கல்வி தரவில்லை, பொதுவழியில் நடக்கும் உரிமையும் தரவில்லை. லிங்கனின் பிரகடனம் வெளியான அதே 1863-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் அய்யன்காளி பிறந்தார். அடிமை முறை ஒழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட நாட்டில் அவருடைய மக்கள் அரசுச் சாலையில் நடக்க இயலவில்லை. 1893-இல் அவர் தடையை மீறி மாட்டுவண்டியில் அச்சாலையில் சென்றார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டி உழவுத் தொழிலாளர் வயலில் இறங்க மறுத்தனர். ஆணை தராததை அவர்கள் போராடிப் பெற்றனர்.

பீர்மேட்டு மலைகளில் 1860-களில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. பின்னர்த் தேயிலை பரவியது. தோட்ட வேலைக்கெனக் கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பங்களை அழைத்து வந்தனர். அவர்களை எவரும் அடிமை என்று அழைக்கவில்லை. ஆனால், முன்பணம் கடனாக நின்றது. கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நீங்க இயலவில்லை. முன்பணம் பெற்று வேலையை விட்டு நீங்குவதைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டம் 1859-இல் பிரித்தானிய இந்தியாவில் இயற்றப்பட்டது. அவ்வகைச் சட்டம் திருவிதாங்கூரிலும் வந்தது. விலைக்கு வாங்கும் உரிமை போயிற்று; கடனால் கட்டும் வழக்கம் வந்தது.

இந்திய அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம் முதலியவற்றுக்கு வகை செய்தது. கடனுக்காகப் பிணைக்கப்பட்ட கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. 1855-க்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்தும் அத்தகைய சட்டம் தேவைப்பட்டது என்பதே பழைய ஆணைகளின் குறையைக் காட்டும். ஆனாலும் அவற்றைப் பயனற்றவை எனத் தள்ளிவிட இயலாது. உரிமை கேட்டு நின்றவர்களுக்கு ஊன்றி நிற்க ஓர் இடத்தை அவை தந்தன. அங்கிருந்து நடந்தவர்கள் மக்களே.

சொல்லும் பொருளும்

தளை – கட்டு, விலங்கு
பிரகடனம் – அரசின் பொது அறிவிப்பு
ஒற்றி – கடனுக்கு ஈடாக ஒப்படைத்தல்
பாட்டம் – குத்தகை
கங்காணி – தொழிலாளரைச் சேர்த்து மேற்பார்வையிடுபவர்
கொத்தடிமை – கடனுக்காக உழைப்பால் பிணைக்கப்பட்டவர்

மதிப்பீடு

1. லிங்கனின் பிரகடனம் எந்நான்கு மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை? ஏன்?
2. 1812, 1853, 1855 ஆகிய ஆண்டுகளின் ஆணைகள் யாரை விடுவித்தன, யாரை விட்டுவிட்டன என அட்டவணைப்படுத்துக.
3. 'விலைக்கு வாங்கும் உரிமை போயிற்று. கடனால் கட்டும் வழக்கம் வந்தது' – பீர்மேட்டுத் தோட்ட வரலாற்றைக் கொண்டு விளக்குக.
4. தன்னலம் கலந்த நோக்கத்தில் பிறந்த நற்செயல் பாராட்டுக்குரியதா? இரு தரப்புக் கருத்துகளையும் ஒரு பக்க அளவில் எழுதுக.

கற்பவை கற்றபின்

வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவரிடம், அவருடைய குடும்பம் மலைக்கு வந்த வரலாற்றைக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படிக்கவும்.