தனியா தாய்லாந்து: "டேய், வேணாம் வா" சொல்ல ஆள் இல்லாத பயணம்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும், ஜாயினிங் தேதிக்கு முன்னாடி ஒரு வெளிநாட்டு ட்ரிப் போயிடணும்னு எல்லா பேட்சும் பேசும். அந்தப் பேச்சு பெரும்பாலும் தாய்லாந்துலதான் போய் நிற்கும். சென்னையிலிருந்து பாங்காக் சுமார் மூன்றரை மணி நேரம். 2024 ஜூலையில் இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள் வரை சுற்றுலாவாகத் தங்கலாம் என்று அறிவித்தார்கள். (இந்த விதி மாறிக்கொண்டே இருப்பது. டிக்கெட் போடும் அன்றைக்கு என்ன நிலவரம் என்று தாய் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்க.) வாட்ஸ்அப் குரூப்ல ஆறு பேர் சேருவாங்க. பணம் கட்டுற நாள்ல ஒவ்வொருத்தரா கழண்டுக்குவாங்க. கடைசியில ஒருத்தர் மட்டும் தனியாக் கிளம்புவார். இந்தப் பாடம் அந்த ஒருத்தருக்கு.

தாய்லாந்து பயப்பட வேண்டிய நாடு இல்லை. வழி கேட்டால் நின்று சொல்வார்கள். ராத்திரி பத்து மணிக்கும் தெருவில் சாப்பாடு கிடைக்கும். ஆனால் நம்ம செட்டுல எப்பவும் ஒருத்தன் இருப்பான். ஒரு டீல் ரொம்ப நல்லா இருக்கேன்னு நாம் வாயைப் பிளக்கும்போது, கையைப் பிடிச்சு "டேய், வேணாம் வா" என்று இழுத்துட்டுப் போறவன். தனியாப் போற ஆணுக்கு அங்கே காத்திருக்கும் பொறிகள் பெரும்பாலும் அந்த ஒருத்தன் கூட இல்லை என்பதை நம்பித்தான் வேலை செய்கின்றன. ஒரே ஒரு பாகம் போனால் மொத்த சிஸ்டமும் நிற்கும் என்றால் அது மோசமான டிசைன், ரிடண்டன்சி வேணும்னு வகுப்பில் படிக்கிறோம் இல்லையா? அதையே பயணத்துக்கும் போட்டுப் பார்ப்போம்.

பாடம் 1: கிளம்பும் முன் பேக்கப்

கார்டு இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. அங்கே ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். ஒரு பாட் இரண்டு ரூபாய்க்கு மேல் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்க. தினமும் ஆயிரம் ஆயிரமா எடுக்காம, தேவையானதை ஒரே தடவையில் எடுங்க. பாஸ்போர்ட் நகலில் ஒன்று மெயிலில், ஒன்று வீட்டில், ஒன்று பையில் இருக்கட்டும்.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் ஒவ்வொரு வெளிநாட்டவரும் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. ஏதாவது ஒரு தளம் காசு கேட்டால், அது அரசாங்கத் தளம் இல்லை. மூடிட்டு வெளியே வாங்க.

ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் இரண்டையும் பிரிண்ட் எடுத்து வைங்க. தனியாப் போகும் இளைஞனிடம் குடியேற்ற அதிகாரிகள் இரண்டு கேள்வி கூடவே கேட்கலாம். ஏன் கேட்கிறார்கள் என்பது கடைசிப் பாடத்தில் புரியும்.

பயணக் காப்பீட்டை வேண்டாச் செலவுன்னு நினைக்காதீங்க. தனியா இருக்கும்போது கால் முறிஞ்சா, ஆஸ்பத்திரியில் பணம் கட்ட ஓட ஆள் கிடையாது.

பாடம் 2: மாதம் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுங்க

தாய்லாந்துக்கு இரண்டு பக்கக் கடல். ஃபூகெட், கிராபி இரண்டும் மேற்கே, அந்தமான் கடல் பக்கம். அங்கே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, நம்ம கேரளாக் கரை மாதிரி. கோ சமுய் கிழக்கே, வளைகுடாப் பக்கம். அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை, நம்ம சென்னை மாதிரி. ஆக, ஜூலையில் லீவு என்றால் சமுய், டிசம்பர் கடைசி என்றால் ஃபூகெட். ஆஃப் சீசனில் ரூம் பாதி விலைன்னு பார்த்ததுமே புக் பண்ணிடாதீங்க, அது ஏன் பாதி விலைன்னு மேப்பைப் பாருங்க.

மழைக்காலத்தில் அந்தமான் பக்கக் கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் ஆழத்துக்குக்கூட இறங்காதீங்க. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டிக்கிட்டா, கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. எவ்வளவு நல்லா நீந்துறவனும் அதில் சோர்ந்துதான் போறான். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்பணும். தனியாக் குளிக்கப் போனால் லைஃப் கார்டு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் குளிங்க.

கொசுவையும் மறக்காதீங்க, அங்கேயும் டெங்கு உண்டு. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போட்டுட்டு டாக்டரைப் பாருங்க. ஆஸ்பிரின், இபுபுரோஃபென் பக்கம் போகாதீங்க, டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். லோப்புரி மாதிரி ஊர்களில் குரங்கோடு செல்ஃபி எடுக்கும்போது பல்லோ நகமோ பட்டால், சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவிட்டு அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போகணும்.

பாடம் 3: ஸ்கூட்டர்

ஊர்ல பல்சர் ஓட்டுற நமக்கு இங்கே என்ன பயம் என்றுதான் தோணும். வண்டியும் இடப்பக்கம்தான் ஓடுது. ஆனால் உலக சுகாதார அமைப்பின் 2018 அறிக்கையில் தாய்லாந்தின் சாலை மரணம் லட்சம் பேருக்கு 32.7. உலகின் மோசமான எண்களில் அது ஒன்று. செத்தவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் இரண்டு, மூன்று சக்கர வண்டியில் போனவர்கள்.

ஓட்டியே தீரணும்னா, கிளம்பும் முன் நம்ம ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்க. கையில் இந்திய லைசென்ஸ் இருந்தால் கிடைக்கும். ஒரு வருடம் செல்லும். உங்க லைசென்ஸில் கார் மட்டும் இருந்தால் போதாது, டூவீலரும் இருக்கணும். வாடகைக் கடைக்காரர் லைசென்ஸ் கேட்காமலே சாவி கொடுப்பார். பிரச்சினையே அதுதான். சரியான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் பொதுவாகக் கையை விரித்துவிடும். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

வாடகைக்கு ஈடாக பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீங்க. பணமாக டெபாசிட் வாங்கிக்கொள்ளும் கடையைத் தேடுங்க. வண்டியை எடுக்கும் முன் நாலு பக்கமும் வீடியோ எடுங்க. ஃபூகெட், பட்டாயா கடற்கரையில் ஜெட் ஸ்கீ வாடகைக்கும் இதே விதி. ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி, கூட நாலு பேரை வைத்துக்கொண்டு பணம் கேட்பது அங்கே பழைய தந்திரம். அப்படி மாட்டினால் சண்டை போடாமல் 1155க்கு அடிங்க. அது சுற்றுலாப் போலீஸ் எண். அவங்க வர்ற வரைக்கும் பர்ஸைத் திறக்காதீங்க.

பாடம் 4: தானா வந்து உதவுற ஆள்

பாங்காக் அரண்மனை வாசலில் நல்ல சட்டை போட்ட ஒருத்தர் வந்து, "இன்னைக்கு அரண்மனை மூடியிருக்கு, வேற கோவில் காட்டுறேன், ஆட்டோவுக்கு இருபது பாட் போதும்" என்பார். அந்த டுக் டுக் கடைசியில் ஒரு ரத்தினக் கடையில்தான் போய் நிற்கும். "இங்கே வாங்கி ஊர்ல வித்தா இரண்டு மடங்கு" என்று கதை ஓடும். அரண்மனை வழக்கமாகத் தினமும் காலை 8.30க்குத் திறக்கும். மூடியிருக்கான்னு டிக்கெட் கவுண்டருக்கே நடந்து போய்க் கேளுங்க. (அரை டிராயர், கையில்லாத பனியன் போட்டுப் போனால் உள்ளே விடமாட்டார்கள்.)

இந்தப் பாடத்தின் சூத்திரம் ஒரு வரிதான்: நீங்க தேடிப் போய்க் கேட்ட உதவி பெரும்பாலும் உதவிதான், உங்களைத் தேடி வந்த உதவிக்கு விலை உண்டு. வண்டிக்கு மீட்டர் போடச் சொல்லுங்க, இல்லேன்னா கிராப், போல்ட் ஆப்பில் புக் பண்ணுங்க. சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போக ரயிலே இருக்கிறது.

பாடம் 5: பார், பெண்கள், மரியாதை

தனியாப் போற ஆணிடம் எல்லாரும் கண்ணடிச்சுக் கேட்கும் விஷயம் இது. அதனால நேராவே பேசிடுவோம்.

தாய்லாந்தில் பாலியல் தொழில் சட்டப்படி குற்றம், 1996இல் வந்த சட்டம் இன்னும் இருக்கிறது. தெருவில் வெளிப்படையாக நடப்பதால் அனுமதி உண்டு என்று அர்த்தம் இல்லை. எதிரில் இருப்பவர் 18 வயதுக்குக் குறைவு என்றால் பணம் கொடுத்தவருக்கும் சிறை. அவர் வயது என்ன, விருப்பப்பட்டுத்தான் அங்கே இருக்கிறாரா, யாராவது கடத்தி வந்தார்களா என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. தெரிய வழியில்லாத இடத்தில் காசு கொடுப்பது துணிச்சல் ஆகாது.

பாட்போங் மாதிரித் தெருக்களில் "மாடியில இலவச ஷோ" என்று கூப்பிடுவார்கள். போவது இலவசம், வருவதற்குத்தான் பில். விலைப்பட்டியல் இல்லாத இடத்தில் உட்காராதீங்க. ஒவ்வொரு கிளாஸுக்கும் அப்போதைக்கப்போதே பணம் கொடுங்க. கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீங்க.

தாய் மசாஜை இதோடு சேர்க்காதீங்க. அது 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்ற கலை. வாட் போ கோவிலில் முறையாகக் கற்றுத்தருகிறார்கள். நாள் முழுக்க நடந்த காலுக்கு அது வரம். அந்த வேலை செய்கிறவரிடம் வேறு "ஸ்பெஷல்" கேட்பது, நம்ம ஊர் பிசியோதெரபிஸ்ட்டிடம் அப்படிக் கேட்பது மாதிரிதான்.

பாடம் 6: வாயும் பையும்

அரசரைப் பற்றி ஜோக், மீம், கமெண்ட் எதுவும் வேண்டாம். அங்கே குற்றவியல் சட்டம் 112ஆவது பிரிவில், ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருடம் வரை சிறை. வேப் எடுத்துப் போகாதீங்க. அது அங்கே தடை, நம்ம நாட்டிலும் 2019 முதல் தடை.

கஞ்சாக் கடைகள் இருப்பதைப் பார்ப்பீங்க. 2022இல் தளர்த்தினார்கள், 2025 ஜூனில் டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று மறுபடி இறுக்கினார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து திரும்பி வரும்போது. "தம்பி, நீங்க சென்னைதானே, இந்தப் பையை மட்டும் எடுத்துட்டுப் போய் வெளியே நிக்கிற ஆள்கிட்ட கொடுத்துடுங்க, டிக்கெட் காசு நாங்க தர்றோம்" என்று ஒருத்தர் வருவார். இப்படிச் சுமப்பவர்களுக்கு நம்ம ஊர்ல "குருவி" என்று பெயர். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளிடம் உயர்ரகக் கஞ்சா பிடிபட்ட செய்தி சென்னை விமான நிலையத்திலிருந்து அடிக்கடி வருகிறது. அளவு பெரிதானால் நம்ம போதைப்பொருள் சட்டத்தில் குறைந்தது பத்து வருடம் சிறை, ஜாமீனும் எளிதில் கிடைக்காது. "உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்க வேண்டியது பையைத் தூக்கி வந்தவர்தான். அடுத்தவர் பை வேண்டாம், சாக்லேட் பாக்கெட்டாக இருந்தாலும்.

பாடம் 7: சுற்றுலாவில் வரும் வேலை

கடைசிப் பாடம், ஆனா நமக்குத்தான் முக்கியம். ஏன்னா இதில் குறிவைக்கப்படுவது நம்ம மாதிரி கம்ப்யூட்டர் தெரிந்த பட்டதாரிகள்.

2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் "டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்சிக்யூட்டிவ்" வேலை என்று ஐடி படித்த இளைஞர்களை அழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்திப் போய், அங்கே அடைத்து வைத்து இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள் என்பதுதான் அது. அப்படி மாட்டியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2025 மார்ச் 10 அன்று அப்படி மீட்கப்பட்ட 283 இந்தியர்களை, தாய்லாந்தின் மே சோட் ஊரிலிருந்து விமானப்படை விமானம் ஏற்றி வந்தது. மறுநாளும் ஒரு விமானம் போக வேண்டியிருந்தது.

அடையாளங்களை மனசுல வைங்க. இண்டர்வியூ டெலிகிராமில் நடக்கும், டைப்பிங் வேகம்தான் பெரிய தேர்வு. சம்பளம் நம்ம கேம்பஸ் பேக்கேஜைவிடப் பல மடங்கு. "இப்போ டூரிஸ்டா வந்துடு, பர்மிட் அப்புறம் போட்டுக்கலாம்" என்பார்கள். அந்த ஒரு வரி போதும், மேற்கொண்டு பேச வேண்டாம். உண்மையான வேலை என்றால் கிளம்பும் முன்பே வேலைக்கான விசா போடுவார்கள். அதற்குச் சென்னையிலேயே தாய் துணைத் தூதரகம் இருக்கிறது. ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

இன்னொரு அடையாளம் மேப்பில் இருக்கிறது. மே சோட் பாங்காக்கிலிருந்து வடமேற்கே சுமார் 500 கிலோமீட்டர். அதை ஒட்டி ஓடும் மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மர். ஆஃபீஸ் பாங்காக்கில் என்று சொன்னவர் அனுப்பிய வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஹைவேயில் வடக்கே ஓடிக்கொண்டே இருந்தால், அடுத்த பெட்ரோல் பங்கில் பாத்ரூம் போகணும்னு இறங்குங்க. கடைக்குள் ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் நின்று 1155க்கு அடிங்க. துணிப்பை வண்டியிலேயே போகட்டும். பாஸ்போர்ட், போன் இரண்டும் எப்பவும் உடம்போடு இருக்கணும்னு சொல்வது இதற்குத்தான்.

செல்போனில் இப்போதே ஏற்றிக்கொள்ள:

சுற்றுலாப் போலீஸ் 1155. ஆம்புலன்ஸ் 1669. போலீஸ் 191. பாங்காக்கில் இந்தியத் தூதரகம் சுகும்வித் சாலை, சோய் 23இல் இருக்கிறது. அதன் எண்ணைத் தூதரகத் தளத்தில் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்க.

கடைசியா, கூட வராமல் கழண்டுக்கிட்ட அந்த ஐந்து பேரில் ஒருத்தனைப் பிடிங்க. தினமும் ராத்திரி பத்து மணிக்கு அவனுக்கு லொகேஷனோடு ஒரு மெசேஜ். பதினொன்று வரை வரலைன்னா அவன் கூப்பிடணும், நீங்க எடுக்கலைன்னா உங்க வீட்டுக்கும் தூதரகத்துக்கும் சொல்லணும். ஊர்ல இருந்துக்கிட்டே "டேய், வேணாம் வா" சொல்ற வேலை அவனோடது. டிக்கெட் போடும் முன் அவன் ஒத்துக்கிட்டானான்னு கேட்டுக்கோங்க.