எழுதத் தயங்கும் விசுவாசிக்கு



வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையிலுள்ள நம் பங்குகளில், விசுவாசத்தைப் பற்றி அழகாகப் பேசத் தெரிந்தவர்கள் அநேகர் உண்டு. குடும்பச் செபத்தில் பேசுவார்கள். நோயாளியின் கட்டிலருகே ஆறுதல் சொல்வார்கள். ஷூ கம்பெனிப் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவருக்குப் புத்தி சொல்வார்கள். ஆனால் “நீங்கள் சொன்னதையே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டால் உடனே கையெடுத்துக் கும்பிட்டு, “ஐயோ, அதெல்லாம் சாமியார் வேலை, எங்களுக்கு ஏது?” என்று பின்வாங்கிவிடுவார்கள். அப்படிப் பின்வாங்குகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

இதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. பேசியது காற்றோடு போகும். தோல் ஷாப்பில் கூலி வேலை செய்து, கை வெந்த நிலையிலும் இரவில் பிள்ளைகளை மண்டியிட வைத்துச் செபமாலை சொல்லிக் கொடுத்த பாட்டிமார்களின் வரலாறு, அவர்களோடேயே கல்லறைக்குப் போய்விடுகிறது. பேரப்பிள்ளைகளுக்கு விசுவாசம் கிடைத்த வழி தெரியாமலே போகிறது. ஆகையால் எழுதத் துவங்குவதைத் தடுக்கும் சந்தேகங்களை இன்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதல் சந்தேகம்: “எனக்கு என்ன தகுதி இருக்கிறது?”

இது பழைய சந்தேகம். தனக்குப் பேச நா எழாது என்று மோயீசன் சர்வேசுரனிடம் முறையிட்டார். தாம் சிறுபிள்ளை என்று எரேமியாஸ் சொன்னார். “இல்லை, நீ பெரிய சாமர்த்தியசாலி” என்று ஆண்டவர் அவர்களைப் புகழவில்லை என்பதைக் கவனியுங்கள். குறை குறையாகவே இருக்க, தாம் கூட இருப்பதாக மட்டும் வாக்களித்தார். மோயீசனுக்குத் துணையாக ஆரோனையும் கொடுத்தார்.

நம் தமிழிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அன்றீக் அன்றீக்கஸ் சுவாமியார் 1520-இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யூத குலத்தார் என்ற காரணத்தால் அவர் முதலில் சேர்ந்திருந்த சபையை விட்டு விலக நேர்ந்தது. தள்ளப்பட்ட அவரைச் சேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546-இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறைப் பரதவ மக்களிடையே உழைத்தார். தமிழ் அவருக்குத் தாய்மொழியன்று. வயதுவந்த பின் ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொண்ட மொழி. அப்படிப்பட்டவர் தமிழில் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அதன் பக்கங்கள் எத்தனை? பதினாறே பதினாறு! அச்சுச் செலவுக்குப் பரதவ மக்களே பணம் திரட்டினார்கள். எட்டு ஆண்டு கழித்து, 1586-இல், அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரங்களைப் பெரும் புத்தகமாக வெளியிட்டார். பெரிய புத்தகத்துக்கு முன்னே பதினாறு பக்கம் வந்ததை மறவாதீர்கள். தாய்ப்பாலோடு தமிழ் குடித்த நமக்குத் தகுதி இல்லை என்று சொல்ல வாய் வருமா?

இரண்டாம் சந்தேகம்: “எங்கள் ஊரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?”

உரோமாபுரியைப் பற்றியோ லூர்து நகரைப் பற்றியோ எழுதலாம். தோல் நாற்றமும் சுண்ணாம்புக் குழியும் உள்ள ஊரில் எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் அப்போஸ்தலர் நடபடிப் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரக் கடைசியையும் பத்தாம் அதிகாரத்தையும் திறந்து வாசியுங்கள்.

அர்ச். இராயப்பர் யோப்பா பட்டணத்தில் பல நாள் தங்கினார். யார் வீட்டில்? சீமோன் என்னும் ஒரு தோல் பதனிடுகிறவர் வீட்டில். செத்த பிராணிகளின் தோலைத் தொட்டு வேலை செய்கிறவரை அக்கால யூதர் தாழ்வாகவே எண்ணினர். சீமோனின் வீடு கடலோரத்தில் இருந்தது. அந்த வீட்டு மாடியில்தான், நடுப்பகலில், இராயப்பர் ஒரு காட்சி கண்டார். சர்வேசுரன் சுத்தமாக்கியதை அசுத்தம் என்னலாகாது என்று அங்கே கற்றுக்கொண்டார். அந்த வீட்டு வாசலில்தான் புறவினத்தாராகிய கொர்நேலியு அனுப்பிய ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களோடு புறப்பட்டுப் போய் இராயப்பர் கொர்நேலியுவின் வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். புறவினத்தாராகிய நமக்கும் வாசல் திறந்த வரலாறு ஒரு தோல்காரர் வீட்டிலிருந்து புறப்பட்டது!

இதை எழுதிய அர்ச். லூக்காஸ், “சீமோன் வீட்டில்” என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ அம்மனிதருடைய தொழிலை ஒரு முறையல்ல, மூன்று முறை குறிப்பிடுகிறார். அவர் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. லூக்காஸ் எழுதாமல் விட்டிருந்தால், அந்த நல்ல மனிதரின் விருந்தோம்பலை இன்று யார் அறிவார்?

இப்போது நம் தெருவைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சோறு கட்டிக்கொண்டு, ஷூவின் மேல்பாகம் தைக்கப் போகும் தாய். தபசுகாலத்தில் ஒருசந்தி இருந்துகொண்டே மெஷின் மிதிக்கும் பெண். ரம்சான் மாதத்தில் பக்கத்து மெஷினில் நோன்பிருக்கும் இஸ்லாமியச் சகோதரி. இருவரும் ஒருவர் பசியை ஒருவர் மதிக்கும் விதம். இவற்றை எந்த ஊர்ப் பண்டிதர் வந்து எழுதுவார்? கண்ணால் கண்ட நீங்கள்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் சந்தேகம்: “எல்லாம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே!”

இதற்கும் லூக்காஸே பதில் சொல்கிறார். தமக்கு முன்னே அநேகர் இதே வரலாற்றை எழுத முற்பட்டார்கள் என்பதைத் தம் சுவிசேஷத்தின் முதல் வரியிலேயே ஒப்புக்கொள்கிறார். அதனால் பேனாவைக் கீழே வைத்துவிடவில்லை. தாமும் விசாரித்து, ஒழுங்காக எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் நல்ல சமாரியன் உவமையும், ஊதாரிப் பிள்ளையின் உவமையும் நமக்குக் கிடைத்திரா. அவை மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இல்லை. ஆகவே, பிறர் எழுதியிருப்பது நமக்குத் தடையல்ல.

நான்காம் சந்தேகம்: “எழுதினாலும் யார் படிக்கப் போகிறார்கள்?”

1594-இல் அர்ச். பிராஞ்சீஸ்கு சலேசியார் ஷப்லே என்னும் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்க ஜனங்கள் வரவில்லை, வரப் பயந்தார்கள். கோவிலில் கேட்க ஆளில்லை என்று அவர் ஊருக்குத் திரும்பிப் போனாரா? இல்லை. சொல்ல நினைத்ததைச் சிறு தாள்களில் எழுதி, வீட்டுக் கதவுகளின் அடியில் செருகினார். பொது இடங்களில் ஒட்டினார். பகலில் அவரோடு பேசத் துணியாதவர்கள் இரவில் விளக்கடியில் அவற்றைப் படிக்க முடிந்தது. காலப்போக்கில் அந்நாட்டார் பெரும்பாலும் திருச்சபைக்குத் திரும்பினர். 1923-இல் பதினோராம் பத்திநாதர் பாப்பானவர் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளருக்குப் பாதுகாவலராக அறிவித்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அந்தத் தாளை எத்தனை பேர் படித்தார்கள் என்று அவரால் எண்ணியிருக்க முடியாது. விதைப்பது நம் கடமை. முளைப்பிப்பது ஆண்டவர் வேலை.

எழுத்தின் பலத்துக்கு நம் ஊரிலேயே வேறொரு அத்தாட்சியும் உண்டு. பாலாற்றில் தோல் கழிவுநீர் கலப்பதைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் ஒரு மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதன்மேல் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் பிறந்த தீர்ப்பு, இந்தியா முழுவதிலும் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு வழிகாட்டியாயிற்று. உண்மையைத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவது வீண்வேலை அல்ல என்பதற்கு இதுவும் சாட்சி.

ஐந்தாம் சந்தேகம்: “இது தற்பெருமை ஆகாதா? தவறாக எழுதிவிட்டால்?”

இந்தச் சந்தேகத்தை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள், இது பயனுள்ளது. நம் நற்செயல்களை எக்காளம் ஊதி அறிவிக்கலாகாது என்று சேசுநாதர் கற்பித்தார். விளக்கை மரக்காலின் கீழ் வைக்கலாகாது என்றும் அவரே கற்பித்தார். இரண்டையும் எப்படிச் சேர்த்து அனுசரிப்பது? உங்களையே இப்படிக் கேளுங்கள்: “என் பெயர் போடாமல் இதைப் பிரசுரித்தாலும் எனக்குச் சந்தோஷமா?” ஆம் என்று மனம் சொன்னால், தைரியமாய் எழுதுங்கள்.

தவறு நேராதிருக்கத் துணை தேடுங்கள். அர்ச். சின்னப்பரே உரோமையருக்கு எழுதிய நிருபத்தைத் தெர்சியு என்பவரைக் கொண்டுதான் எழுதுவித்தார். வேத சத்தியத்தைப் பற்றி எழுதினால் பங்குச் சுவாமியாரிடம் காட்டித் திருத்தம் பெறுங்கள். திருத்தம் வந்தால் முகம் வாடவேண்டாம். பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் நீக்கி, சதை வழித்து, பதமாக்கும் வேலை ஒரே நாளில் முடியாது என்பதை நம் ஊராருக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. எழுத்தும் அப்படியே.

மூன்று காரியங்களில் மாத்திரம் கண்டிப்பாயிருங்கள். பிறருடைய இரகசியத்தை எழுதாதீர்கள். அயலாரின் மதத்தை இகழாதீர்கள். கேள்விப்பட்டதைக் கண்டதுபோல் எழுதாதீர்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. பரிசுத்த ஆவியை நோக்கி ஒரு சிறு செபம் சொல்லி, கால் மணி நேரம் அமைதியாக உட்காருங்கள்.

2. உங்களுக்கு விசுவாசத்தைக் கற்பித்த ஒருவரை நினைத்து, அவர் செய்த ஒரே ஒரு செயலை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பேசுவதுபோலவே எழுதுங்கள், கடின வார்த்தை தேட வேண்டாம்.

3. அவர் உயிரோடிருந்தால், அவரிடமே வாசித்துக் காட்டி அனுமதி பெறுங்கள். இறந்திருந்தால், அவருடைய பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள்.

4. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு வரும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுவாருங்கள்.

வாசகரே, ஆண்டவர் ஒருவனுக்கு ஐந்து தாலந்தும், ஒருவனுக்கு இரண்டும், ஒருவனுக்கு ஒன்றும் கொடுத்தார். ஒன்று பெற்றவன் குறைவாகப் பெற்றதற்காகத் தண்டிக்கப்படவில்லை. பயந்து மண்ணில் புதைத்ததற்காகவே தண்டிக்கப்பட்டான். உங்களிடம் இருப்பது ஒரு பக்கத்துக்கான விஷயமே என்றால், அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள்.

அர்ச். பிராஞ்சீஸ்கு சலேசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.