ஈறு ஒட்டு சிகிச்சையும் மேலண்ணப் புண்ணும்: நம் குருதியே தரும் துணை

மழைக்காலம் வந்துவிட்டால் மேடவாக்கம், பள்ளிக்கரணை, கோவிலம்பாக்கம் பகுதிகளில் “பிளேட்லெட் எவ்வளவு?” என்னும் கேள்வி பல வீடுகளில் எழுகிறது. டெங்கு காய்ச்சலில் அந்த எண்ணிக்கை குறையும்போது குடும்பமே கலங்குகிறது. அதனால் தட்டணுக்கள் என்றாலே நம் மக்களுக்கு அச்சம்தான் நினைவுக்கு வருகிறது. அதே தட்டணுக்கள் வாய்ப்புண் ஆறுவதற்கும் துணைநிற்கின்றன. ஈறு ஒட்டு சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களும், அவர்களை வீட்டில் கவனிக்கவிருக்கும் குடும்பத்தாரும் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே விளக்குகிறோம்.

ஒரு சிகிச்சை, இரு புண்கள்

ஈறு நோயாலோ, அழுத்திப் பல் துலக்குவதாலோ, இயல்பிலேயே ஈறு மெலிதாக இருப்பதாலோ சிலருக்கு ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரிகிறது. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகிறது. வேர்ப்பகுதி எளிதில் சொத்தையாகவும் கூடும். இத்தகையோர் சிலருக்கு, மேலண்ணத்திலிருந்து ஒரு மெல்லிய திசுத் துண்டை எடுத்து ஈற்றில் பொருத்தித் தையலிடுகிறோம்.

சிகிச்சைக்குப் பின் வருவோரில் பலர், “பல்லருகே வலி இல்லை, மேலே அண்ணத்தில்தான் எரிகிறது” என்று வியப்புடன் கூறுவதுண்டு. இதற்குக் காரணம் எளியது. ஈற்றில் புதிய திசு போர்வைபோல் மூடிக்கொள்கிறது. திசு எடுத்த மேலண்ணமோ தோலுரிந்த முழங்காலைப்போலத் திறந்த புண்ணாக நிற்கிறது. விழுங்கும்போதும் பேசும்போதும் நாக்கு அதன்மேல் உரசுகிறது. ஓரங்களிலிருந்து புதுத் தோல் மெல்ல வளர்ந்து மூடுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்.

தட்டணுக்கள் செய்வது என்ன?

நலமுள்ள ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். காயம் பட்டவுடன் இவை ஒன்றுகூடி இரத்தக்கசிவை அடைக்கின்றன. இவற்றின் பணி அத்துடன் முடிவதில்லை. தமக்குள் சேமித்துள்ள வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களை வெளிவிட்டு, புதிய இரத்தக் குழாய்களும் திசுக்களும் உருவாகத் தூண்டுகின்றன.

இந்த இயல்பான செயலை ஓரிடத்தில் செறிவாக்கித் தரும் முறையே பிளேட்லெட் செறிவு ஃபைப்ரின் ஆகும். சுருக்கமாகப் பி.ஆர்.எஃப். என்பர். பிரான்சு நாட்டு மருத்துவர் ஜோசப் ஷுக்ரூன் 2001-இல் இதனை அறிமுகப்படுத்தினார்.

செய்முறை எளியது. சிகிச்சையன்று கையிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் இரத்தம் ஒரு குழாயில் எடுக்கப்படுகிறது. உறைவதைத் தடுக்கும் மருந்து எதுவும் அதில் சேர்க்கப்படுவதில்லை. உடனே அதனைச் சுழல் இயந்திரத்தில் வைத்து ஏறத்தாழ 10 நிமிடம் சுழற்றுகிறோம். அடியில் சிவப்பணுக்களும், மேலே தெளிந்த நீர்மமும், நடுவில் நுங்கு போன்ற இளமஞ்சள் கட்டியும் பிரிந்து நிற்கும். அந்த நடுக்கட்டியில்தான் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் ஃபைப்ரின் வலையில் செறிந்துள்ளன. அதனை மெல்ல அழுத்திச் சவ்வாக்கி, மேலண்ணப் புண்ணின்மேல் பரப்பித் தைத்துவிடுகிறோம். அது தானே கரைந்துவிடும். சொந்த இரத்தம் என்பதால் பிறரிடமிருந்து நோய் தொற்றும் அச்சமும் இல்லை.

பயன் எவ்வளவு?

2014-இல் மணிப்பால் பல் மருத்துவர்கள் இந்தியப் பெரியோடான்டாலஜி சங்கத்தின் ஆய்விதழில் தங்கள் அனுபவத்தை வெளியிட்டனர். ஃபைப்ரின் சவ்வு வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு மேலண்ணப் புண் 18 நாட்களுக்குள் மூடியது. மற்றவர்களுக்கு மூன்றாம், நான்காம் வாரங்களில் ஆறியது. அதில் பங்குபெற்றோர் சிலரே. எனினும் பின்னர் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளும் பொதுவாக இதே திசையைக் காட்டுகின்றன: முதல் வாரத்தில் வலி குறைகிறது, புண் விரைவில் மூடத் தொடங்குகிறது.

இங்கே ஒன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். இச்சவ்வு வைக்காவிட்டாலும் மேலண்ணப் புண் ஆறியே தீரும். ஒரு மாதத்திற்குப் பின் இரு சாராரிடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே இது முதல் இரு வாரத் துன்பத்தைத் தணிக்கும் துணையே அன்றி, இன்றியமையாத சிகிச்சை அன்று. செலவு தாங்கவில்லை என்றோ, இரத்தம் எடுக்கத் தயக்கம் என்றோ இருப்பின், அதற்காக ஈறு சிகிச்சையையே தள்ளிப்போட வேண்டா. அண்ணத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு, கரையும் கொலாஜன் பஞ்சு ஆகியவையும் புண்ணைக் காக்கப் பயன்படுகின்றன.

எங்களிடம் மறைக்கக் கூடாதவை

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளை இதயத்திற்காக உட்கொள்வோர் அதனைக் கட்டாயம் தெரிவியுங்கள். “பல் மருத்துவரிடம் இதை ஏன் சொல்ல வேண்டும்?” என்று சிலர் எண்ணுகின்றனர். வேறு சிலர் இரத்தக்கசிவுக்கு அஞ்சி, யாரையும் கேளாமல் தாமே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இரண்டாவது செயல் உயிருக்கே ஆபத்தாகலாம். இதய மருத்துவரைக் கலந்தே எதையும் முடிவு செய்வோம்.

கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் புகையிலையும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். எந்தச் சவ்வும் அவற்றை ஈடுசெய்யாது.

அண்மையில் காய்ச்சல் இருந்திருந்தால் அதனையும் கூறுங்கள். டெங்குவின்போது தட்டணுக்கள் குறைந்திருக்கும் என்பதால் அறுவை சிகிச்சை தள்ளிவைக்கப்படும். சிகிச்சைக்குப் பின் காய்ச்சல் வந்தால், வலிக்காகத் தந்த ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தொடராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள். டெங்குவில் அவை இரத்தக்கசிவை மிகுவிக்கும்.

வீட்டில் கவனிக்க

முதல் நாள் வாயை வேகமாகக் கொப்பளிக்கவோ, உறிஞ்சுகுழலால் பருகவோ கூடாது. ஆறிய கஞ்சி, தயிர்ச்சாதம், மோரில் ஊறிய இட்லி ஆகியவை ஏற்றவை. காரக்குழம்பு, முறுக்கு, அப்பளம் ஆகியவற்றைப் புண் மூடும்வரை தவிர்க்கவும். சவ்வு வெண்மையாகத் தெரிந்தால் சீழ் என்று அஞ்ச வேண்டா, நாக்கால் வருடவும் வேண்டா. இரத்தம் கசிந்தால் தூய ஈரத்துணியை மடித்து அண்ணத்தில் வைத்து 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அப்போதும் நிற்காவிட்டால் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஆற்றும் ஆற்றல் உங்கள் உடலிலேயே உள்ளது. அதற்கு இடையூறு நேராமல் காப்பதே எங்கள் பணியும், உங்கள் குடும்பத்தாரின் பணியும் ஆகும்.