தெள்ளும் எலியும் தானியக் கிடங்கும்

பேன், உண்ணி, மூட்டைப்பூச்சி, தெள்ளு ஆகியவற்றைப் பேச்சு வழக்கில் ஒன்றன் பெயரால் மற்றொன்றைச் சுட்டுவது நம்மிடையே இயல்பு. சொல்லாராய்ச்சியில் இது சிறு பிழை, மருத்துவத்தில் அவ்வாறன்று. உண்ணிக் காய்ச்சல் என்று நாளிதழ்கள் எழுதும் ஸ்கிரப் டைபஸ் நோயைப் பரப்புவது மாட்டுண்ணியும் அன்று, தெள்ளும் அன்று. புதரில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுயிரின் இளம்பருவமே அதனைப் பரப்புகிறது. தெள்ளு பரப்பும் நோய்கள் வேறு. அவற்றுள் இரண்டினை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

முதலாவது பிளேக். 1896இல் பம்பாயில் அது தோன்றியபோது காற்றையும் மண்ணையும் பழித்தவர் பலர். 1898இல் கராச்சியில் பால் லூயி சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவரே எலித்தெள்ளின் பங்கினைச் சோதனையால் காட்டினார். நோயுற்ற எலியின் குருதியைக் குடித்த தெள்ளின் உணவுக்குழல் கிருமித்திரளால் அடைபடுகிறது. பசி தணியாத தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கிறது. கடிவாய் வழியே கிருமி உட்புகுகிறது. எலி மடிந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு வேறு குருதியை நாடுகிறது. எலி செத்து விழுந்தால் வீட்டைவிட்டு வெளியேறி வயலில் குடிசையிட்ட நம் முன்னோர், காரணம் அறியாவிடினும் செயலில் தவறவில்லை.

சென்னை நகரில் மட்டும் பிளேக் பெரிதாக வேரூன்றவில்லை. ஏன்? எல்லாத் தெள்ளும் ஒன்றன்று என்பதே ஆய்வாளர் தந்த விடைகளுள் ஒன்று. சென்னையிலும் கொழும்பிலும் மிகுந்திருந்தது அஸ்டியா என்னும் இனம். நோயைத் திறம்படப் பரப்புவது கியோபிஸ் இனம். கொழும்பில் ஆய்ந்த ஃபேபியன் ஹர்ஸ்ட் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார். ஆயினும் 1914இல் கொழும்பிலும் பிளேக் புகுந்தது. தானிய மூட்டையோடு எலியும், எலியோடு தெள்ளும் கடல் கடக்க வல்லவை அல்லவா!

தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் கூடும் மலைப்பகுதியில் 1960கள் வரை இந்நோய் நீடித்தது. 1994இல் சூரத் நகரிலிருந்து மக்கள் இரயிலேறி ஓடியதை மூத்தோர் பலர் மறந்திரார்.

இரண்டாவது எலித்தெள்ளுக் காய்ச்சல். மருத்துவர் மியூரைன் டைபஸ் என்பர். ஆரவாரமற்ற நோயாதலின் நாம் இதனை மிகுதியும் எண்ணவேண்டும். இதன் கிருமி தெள்ளின் கழிவில் உள்ளது. கடித்த இடத்தைச் சொறிகையில் தோலுள் நுழைகிறது. ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் காய்ச்சலும் கடுந்தலைவலியும் தோன்றும். சிலர்க்குத் தடிப்பும் உண்டாகும். டைபாய்டு என்றோ டெங்கு என்றோ மயங்க இடமுண்டு. டாக்ஸிசைக்ளின் என்னும் எளிய மருந்துக்குக் கட்டுப்படுவது. காலந்தாழ்த்தினால் நுரையீரலையும் மூளையையும் தாக்கக்கூடியது.

செங்குன்றத்து அரிசி ஆலைகள், கும்மிடிப்பூண்டி சிப்காட் கிடங்குகள், அவற்றை அடுத்து வெளிமாநிலத் தொழிலாளர் நெருங்கி வாழும் வாடகை அறைகள் ஆகியவை எலிக்கு உணவும் உறைவிடமும் தருவன. இத்தகைய இடங்களில் எலி பெருகினால் நஞ்சு வைப்பதே நாம் முதலில் செய்வது. தெள்ளு நோய் ஐயுறப்படும் இடத்தில் முறை தலைகீழானது: முதலில் வளைகளில் பூச்சிக்கொல்லித் தூளிட்டுத் தெள்ளை அழிக்கவேண்டும், எலிக்கு நஞ்சு அதன் பின்னரே. மாறிச் செய்தால், உறைவிடம் இழந்த தெள்ளு அருகில் உறங்கும் காவலாளியின் பாயைத் தேடிச் செல்லும். காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்வோர், எலி நடமாடும் இடத்தில் தாம் பணிபுரிவதை அவர் வினவாவிடினும் சொல்லிவிடுதல் வேண்டும்.