முதுமைக்கு ஒரு மனை

பெரிய காஞ்சிபுரத்திலே, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடப்போர், பட்டுப்பாவு தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டப்பட்டிருப்பதைக் காண்பர். அறுந்த இழையைத் தேடி முடிவோருள் நரைத்த தலைகள் பல. முதுமையைப் பற்றி யான் எழுதப் புகுந்தது அத்தலைகளைக் கண்டமையாலேயே ஆம்.

நெசவாளர் மனையில் முதுமை ஒரே நாளில் வந்து புகுவதன்று. கண்ணொளி குன்றி, மிதியை அழுத்தக் காலில் வலி கண்டவுடன், ஒருவர் குழித்தறியை விட்டு மேலேறுகின்றார். அதன்பின் சில ஆண்டு தார் சுற்றுகின்றார். அதுவும் இயலாதபோது திண்ணையில் அமர்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுகின்றார். கடைசியாக உள்ளறைப் பாய். வீடு ஒன்றே, படிகள் பல. எந்தப் படியிலும் அவர் தம் தெருவை விட்டுப் பெயர்ந்ததில்லை.

மேனாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், இம்முறையையே கட்டடங்களாகவும் ஒப்பந்தங்களாகவும் வகுத்திருக்கின்றனர். ஒரே வளாகத்தில் சிறு சிறு வீடுகள் உள்ளன. நடமாட்டம் உள்ளவர் அவற்றில் தாமே சமைத்துத் தம் விருப்பம்போல் வாழ்வர். குளிக்கவும் உடுக்கவும் மருந்தை நேரத்தில் உண்ணவும் துணை வேண்டியவருக்கு அடுத்ததொரு பகுதி. இரவும் பகலும் செவிலியர் கண்காணிப்பு வேண்டியவருக்கு மற்றொன்று. தம்மையும் உற்றாரையும் மறந்துபோகும் மறதிநோய் கண்டவரைப் பலவிடத்துத் தனியே வைத்துக் காப்பர். நுழையும்போது ஒரு பெருந்தொகையும், பின்னர்த் திங்கள்தோறும் கட்டணமும் பெறுவது பெருவழக்கு. முற்காலத்தில், சமயச் சங்கத்தார் நடத்திய இல்லங்கள் சிலவற்றில், முதியவர் தம் உடைமையை ஒப்புவித்துவிட்டு, ஆயுள் முழுதும் பராமரிப்பைப் பெற்றனர். இக்காலத்து ஒப்பந்தங்களின் வேர் அதிலே உள்ளது.

நம் நாட்டில் வறியோர்க்குச் சோறிடும் அறம் மிகப் பழையது. மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசி தீர்த்தது இக்காஞ்சியில் என்றே அக்காப்பியம் கூறும். ஆனால் சத்திரம் சோறிடுமே அன்றிப் படுத்திருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்காது. அன்னதானம் வேறு, பராமரிப்பு வேறு என்பதை நாம் இன்னும் நன்கு உணர்ந்திலோம்.

சென்னையில் சாவித்திரி வைத்தி என்னும் அம்மையார் 1978-இல் ஆதரவற்ற முதிய பெண்டிர்க்கென விச்ராந்தி இல்லத்தைத் தொடங்கினார். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கடலூர்ப் பகுதியில், தாமரைக்குளம் என்னும் முதியோர் கிராமத்தை ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனத்தார் அமைத்தனர். கோயம்புத்தூரைச் சுற்றிப் பொருள் படைத்த ஓய்வாளர்க்கென எழுந்த குடியிருப்புகள் பல. அவற்றுள் சிலவற்றில் மேற்கூறிய படிநிலைகளும் உண்டு. விலை கொடுக்க வல்லவர் பெறுவர். தறிக்கூலியில் வாழ்ந்தவர் என் செய்வர்?

2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேற்பட்டோர். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மருக்கு மேல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்றையாவது மாநில அரசு நிறுவலாம் என அதன் 19-ஆம் பிரிவு கூறுகின்றது. ‘நிறுவ வேண்டும்’ என்னாது ‘நிறுவலாம்’ என்றது கருதத்தக்கது. அன்றியும், அப்பிரிவு தலைகளை எண்ணுகின்றதே அன்றிப் படிகளை எண்ணவில்லை. நடப்பவரும் நடவாதவரும் ஓரிடத்தே இருக்கலாமோ என்னும் வினா அதில் எழவேயில்லை.

இவ்வினா அற்பமானதன்று. பிள்ளையார்பாளையத்தில் யான் அறிந்த முதிய தம்பதியர் இருவர் உளர். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் வேறு நிறத்தனவாதலின், தறியில் இருவர் அமர்ந்து நாடா செலுத்துதல் வேண்டும். கணவர் உடலை நெய்ய, மனைவி பக்கத்தே அமர்ந்து கரைநாடாவைத் தள்ளினார்; நாற்பது ஆண்டுக்கு மேல் அவ்வாறே நடந்தது. மகன் ஒரகடத்துத் தொழிற்சாலையில் இரவு முறை வேலைக்குச் செல்பவன். கணவருக்குப் பக்கவாதம் கண்டபோது, நகர்க்கு வெளியே உள்ளதோர் இல்லத்தார் அவரை ஏற்றனர். அஃது எழ இயலாதவர்க்கு மட்டுமே உரியது. மனைவி நடக்க வல்லவர். ஆதலின் இடமில்லை என்றனர். அவ்வில்லத்தாரை யான் குறை கூறேன்; உள்ள கட்டில்களை மிகுதியும் வேண்டியவர்க்கே அளித்தனர். ஆயினும் நடப்பவர்க்கென ஓர் அறை அதே மதிலுக்குள் இருந்திருப்பின், அவ்விருவர் பிரிந்திரார். படிநிலை இல்லத்தின் பெரும்பயன் இதுவே என்பது என் கருத்து. மருத்துவ வசதி அதற்கு அடுத்ததே.

காஞ்சியில் அத்தகையது ஒன்று அமையுமாயின், அது நகர்ப்புறத்து வயலில் வேண்டா. தறியோசை கேட்கும் தெருவிலேயே, திண்ணையோடு, தார் சுற்றும் இராட்டையோடு அமைதல் வேண்டும். கையில் இழை ஓடும் மட்டும் தம்மைப் பயனற்றவர் என்று நெசவாளர் எண்ணார். பொருட்செலவு எங்ஙனம் என்பது பொருளாதார வகுப்பு மாணவர் கணக்கிட்டுப் பார்க்கத் தக்கது; கூட்டுறவுச் சங்கங்கள் நிறைந்த ஊர் இஃது என்பதை அவர் மறவாதிருப்பாராக.

அவ்வம்மையாரைச் சென்ற மாதம் கண்டேன். “தம்பி, ஒரே தறியிலே உட்கார்ந்தோம், இப்போது ஆளுக்கொரு ஊர்” என்றார். செவ்வாயும் வெள்ளியும் காலைத் தாரை முடித்துக் கூலியை வாங்கிக்கொண்டு, பத்து மணிப் பேருந்தில் அவரைக் காணச் செல்லுகின்றார்.