உப்பங்கழி நீரில் கரிம மாசு: அளந்து அறிவது எப்படி?

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பரந்து கிடக்கும் உப்பங்கழியாகும். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஆரணியாறு, காளங்கி, சொர்ணமுகி ஆகிய ஆறுகள் இதில் வந்து விழுகின்றன. வயலில் இட்ட உரத்தின் மிச்சம், ஊர்க்கழிவு, இறால் குட்டைகளில் வடிக்கப்படும் நீர் ஆகியவையும் இங்குதான் வந்து சேருகின்றன. முகத்துவாரம் திறந்திருக்கும்வரை கடலேற்றம் அழுக்கை ஓரளவு கழுவிச் செல்லும். மணல் மேடிட்டு அடைபட்டுவிட்டால், ஒரு பண்ணை வடித்த நீரையே அடுத்த பண்ணை இறைத்துக்கொள்ள நேரிடும். எனவே குட்டைக்கு நீர் ஏற்றுமுன் அதைச் சோதித்து அறிதல் அவசியம்.

தின்னாமல் விட்ட தீவனம், இறால் எச்சம், மடிந்த பாசி, சாக்கடைக் கழிவு போன்ற மக்கும் பொருள்களே கரிம மாசு. இவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவழித்து விடுகின்றன. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி. பிராணவாயு தாங்கும், கடல்நீர் சுமார் 6.2 மி.கி. மட்டுமே தாங்கும். கையிருப்பு குறைவாதலால் உவர்நீரில் ஆபத்து விரைந்து வருகிறது.

நண்பகலில் பிராணவாயுவை அளந்து ஏமாறுவோர் பலர். பாசி படர்ந்து பச்சையாக உள்ள நீரே அப்போது அதிக அளவு காட்டும். இரவில் அதே பாசி பிராணவாயுவை உட்கொள்வதால் விடியுமுன் அளவு மிகத் தாழ்ந்துவிடும். ஆகவே விடியற்காலையில் அளப்பதே சரி.

மாசின் அளவை அறிய பி.ஓ.டி. சோதனை செய்யப்படுகிறது. கண்ணாடி மூடியுள்ள 300 மி.லி. புட்டிகள் இரண்டில், காற்றுக்குமிழி இல்லாமல் ஒரே நீரை நிரப்ப வேண்டும். முதல் புட்டியில் உடனே மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் சேர்க்கப்படும். பழுப்பு நிறப் படிவு உண்டானால் பிராணவாயு உண்டு; வெள்ளையாகவே இருந்தால் இல்லை. ஹங்கேரி நாட்டு விங்க்லர் 1888-இல் வெளியிட்ட இம்முறை இன்றும் கையாளப்படுகிறது. இரண்டாவது புட்டி 27 டிகிரியில் 3 நாள் இருட்டில் வைக்கப்படும். வெளிச்சம் பட்டால் பாசி பிராணவாயு உண்டாக்கிக் கணக்கைக் கெடுத்துவிடும்.

முதலில் 6.0, மூன்றாம் நாள் 3.6 என்றால் பி.ஓ.டி. 2.4 மி.கி. மீன்பிடிப்புக்குரிய கடலோர நீரில் இது 3 மி.கி.க்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு அளவுகோல். மூன்றாம் நாள் பிராணவாயு அறவே இல்லையென்றால் அச்சோதனை செல்லாது. ஒரு பங்கு நீருக்கு ஒன்பது பங்கு சுத்த நீர் சேர்த்து மீண்டும் சோதித்து, விடையைப் பத்தால் பெருக்க வேண்டும். பழைய அறிக்கைகளில் 20 டிகிரி, 5 நாள் கணக்கு இருக்கும். இரண்டையும் ஒப்பிடும்போது கவனம் தேவை.

சி.ஓ.டி. என்னும் மற்றொரு சோதனை சில மணி நேரத்தில் முடியும். ஆனால் அதில் சேர்க்கும் டைகுரோமேட், நீரிலுள்ள குளோரைடையும் மாசாகக் கணக்கிட்டுவிடும். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. உள்ளது. எனவே உப்பங்கழி நீருக்குச் சாதாரண சி.ஓ.டி. எண்ணை நம்பலாகாது.

நீர் மாதிரியை ஓரத்தில் அள்ளாமல், நீர் இறைக்கும் இடத்திலும் வடிகால் வாயிலும், மேற்பரப்புக்கு ஒரு அடி கீழே எடுக்க வேண்டும். ஏற்றத்தின்போது ஒருமுறையும் வற்றத்தின்போது ஒருமுறையும் எடுத்தால் கடல்நீர் எவ்வளவு கழுவுகிறது என்பது விளங்கும். பி.ஓ.டி. மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். கரைந்துள்ள பிராணவாயுவுக்கான புட்டியில் மட்டும் மருந்தைக் கரையிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

அறுவடையின்போது கடைசியில் வடியும் நீரில்தான் மாசு மிகுதி. அதை நேரே ஏரியில் விடாமல் தெளிவுக் குட்டையில் தேக்கி, வண்டல் படிந்தபின் சோதித்து வெளியேற்ற வேண்டும். முட்டை அழுகியது போல் நாறும் கறுப்பு அடிச்சேற்றை வாய்க்காலில் தள்ளாமல் மேட்டில் உலர்த்தலாம். அதில் உப்பு இருப்பதால் நெல் வயலுக்கு எருவாக இடக்கூடாது.