மூளையைச் சீவாமல் முப்பரிமாணப் படம்

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருச்சிசுக்களின் மூளைகளை 5,132 சீவல்களில் படமெடுத்து, 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் வெளியிட்டது. சீவாமலே படமெடுக்கவும் வழி உண்டு. திசுவை ஒளி ஊடுருவும்படி தெளிய வைத்தால், லைட் ஷீட் நுண்ணோக்கி பக்கவாட்டில் மெல்லிய லேசர் தகட்டைச் செலுத்தி, ஒரு தளம் முழுவதையும் ஒரே சொடுக்கில் எடுத்துவிடும். கோவைக் கல்லூரி ஆய்வகத்தில் பழக ஆட்டு மூளை போதும்.

1. கறிக்கடையில் அன்று வெட்டிய ஆட்டின் மூளையை வாங்குங்கள். வெறும் தண்ணீரில் அலச வேண்டாம். மேற்புறச் சாம்பல் பகுதியில் 5 மி.மீ. துண்டு போதும், உள்ளே இருக்கும் வெண்பகுதியில் கொழுப்பு அதிகம், எளிதில் தெளியாது. 4% பாராஃபார்மால்டிஹைடில் ஓரிரவு குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் நீள அகலத்தை அளந்து குறியுங்கள்.

2. மெத்தனால் 20, 40, 60, 80, 100, மீண்டும் 100% என ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் ஊறட்டும். நீர் வெளியேறும்.

3. இரு பங்கு டைகுளோரோமீத்தேன், ஒரு பங்கு மெத்தனால் கலவையில் 3 மணி நேரம். பிறகு தனி டைகுளோரோமீத்தேனில் 15 நிமிடம் இருமுறை. கொழுப்பு கரையும். நச்சு என்பதால் எல்லாம் ஃபியூம் ஹூட்டுக்குள்ளேயே.

4. எத்தில் சின்னமேட்டில் ஓரிரவு. கண்ணாடிக் குப்பியையே பயன்படுத்துங்கள், பாலிஸ்டைரீன் கரைந்துவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் திரவம் உறைந்துவிடும். துண்டுக்கு அடியில் வைத்த செய்தித்தாள் எழுத்தைப் படிக்க முடிந்தால்தான் நுண்ணோக்கியில் நேரம் பதியுங்கள்.

5. போகுமுன் கணக்குப் போடுங்கள். ஒரு பிக்சல் 1 மைக்ரான், தளங்களுக்கு இடையே 5 மைக்ரான் என்றால் ஒவ்வொரு தளத்துக்கும் 9 கட்டங்கள், மொத்தம் 9,000 படங்கள். நொடிக்கு 50 படம் எடுக்கும் 2048×2048 கேமரா 3 நிமிடத்தில் முடிக்கும். பிக்சலுக்கு ஒரு மைக்ரோநொடி எடுத்துப் புள்ளி புள்ளியாக வருடும் கான்ஃபோகல் நுண்ணோக்கிக்கு 10 மணி நேரத்துக்கு மேல். ஆனால் நொடிக்கு 420 எம்பி வந்து குவியும். சாதாரண ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுக்காது. 75 ஜிபிக்கு மேல் காலியிடமுள்ள எஸ்எஸ்டி தேவை.

6. சாயம் வேண்டாம், 488 நானோமீட்டர் லேசரில் திசு தானாகவே ஒளிரும். முதலில் துண்டின் நடுத்தளத்தைப் பாருங்கள். அங்கே மங்கினால் தெளிய வைத்தது போதவில்லை.

7. இலவச ஃபிஜி மென்பொருளின் பிக்ஸ்டிச்சரில் கட்டங்களை இணையுங்கள். கரைப்பான்களில் திசு சுருங்கியிருக்கும். முதலில் குறித்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே செல்லின் அளவைச் சொல்லுங்கள்.